பதினொன்றாவது பொருத்தம்

‘குஷி’ என்றதும் நம்மில் பலருக்கு 2000இல் வந்த எஸ்.ஜே. சூர்யாவின் படம்தான் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது அதே பெயரில் 2023 செப்டம்பர் 1 அன்று வெளியான தெலுங்குப் படத்தைப் பற்றி. சிவ நிர்வாணா இயக்கத்தில் விஜய் தேவரகொண்டாவும் சமந்தாவும் நடித்த காதல் நகைச்சுவைப் படம். தமிழிலும் கன்னடத்திலும் மொழிமாற்றம் செய்து வெளியிட்டார்கள். வேப்பனப்பள்ளியில் இருக்கும் எங்களுக்கு மொழிமாற்றம் தேவைப்படவில்லை. எங்களுக்கு ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். பள்ளிக்கூடத்தில் தமிழ், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கொஞ்சம் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

படம் வந்த அடுத்த கோடையில்தான் பார்த்தோம். நான், அம்மா, என் சித்தி மகள். எங்கள் வீட்டுத் தெலுங்கில் சித்தியைப் ‘பின்னி’ என்போம். ஆகவே அவள் பின்னி மகள். பெயர் வேண்டாம். ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஹாஸ்டலில் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவாள். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றபடி பார்த்தோம்.

கதை இதுதான். விப்லவ் தொலைத்தொடர்பு நிறுவன ஊழியன். வேலை நிமித்தம் காஷ்மீர் போகிறான். அங்கே ஆராத்யாவைப் பார்த்துக் காதல் கொள்கிறான். அவள் தன்னைப் பாகிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் பெண் என்று சொல்லி அவனை அலையவிடுகிறாள். பிறகு உண்மை தெரிகிறது. அவள் பிராமணக் குடும்பத்துப் பெண். அவள் அப்பா சதரங்கம் ஸ்ரீனிவாச ராவ் பெயர்பெற்ற ஆன்மீகச் சொற்பொழிவாளர். விப்லவின் அப்பா லெனின் சத்யமோ பெயர்பெற்ற நாத்திகர். ஜாதகம் பொருந்தவில்லை, கல்யாணம் நடந்தால் துன்பம் வரும், ஒரு ஹோமம் செய்தால் தோஷம் நீங்கும் என்கிறார் பெண்ணின் அப்பா. ஹோமத்துக்குச் சம்மதிக்க முடியாது என்கிறார் பையனின் அப்பா. பிள்ளைகள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, நாங்கள் நன்றாக வாழ்ந்து காட்டுகிறோம் என்று தனிக்குடித்தனம் போகிறார்கள்.

முதல் பாதி முழுக்க அம்மா சிரித்தாள். இரண்டாம் பாதியில் புதுமணத் தம்பதிக்குள் சின்னச் சின்னச் சண்டைகள் வருகின்றன. பிறகு ஆராத்யாவுக்குக் கரு கலைகிறது. அன்று செய்யாமல் விட்ட ஹோமம் அவள் மனதில் எழுந்து உட்காருகிறது. அந்த இடத்தில் அம்மா ‘ச்சூ’ கொட்டினாள். பின்னி மகள் படத்தை நிறுத்தினாள். “தண்ணி குடிச்சிட்டு வர்றேன் அக்கா” என்று எழுந்து போனவள் பத்து நிமிடம் திரும்பி வரவில்லை.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னை இதை எழுத வைத்தது.

அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் முதன்முதலாக ஜாதகத்தை வெளியே எடுத்தபோது ஒரு சோதிடர் அதைச் சொன்னார். தமிழில் செவ்வாய் தோஷம். தெலுங்கிலும் கன்னடத்திலும் குஜ தோஷம். எங்கள் எல்லையில் மூன்று மொழியிலும் எல்லோருக்கும் புரிகிற சொல் அது. அதன்பிறகு மூன்று இடத்திலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் காரணம் சொன்னார்கள். இரண்டு வீட்டில் சொல்லக்கூட இல்லை. செவ்வாய்க்குரிய கோயில் என்று சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் குடும்பமே போய்வந்தது. வாழைமரத்துக்கு முதலில் தாலி கட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். இதற்கெல்லாம் செலவான பணம் அவள் சம்பளம். லீவு போட்டதற்குப் பிடித்த பணமும் அவள் சம்பளம்தான்.

இந்தத் தோஷத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். லக்னத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படுவது. பன்னிரண்டு கட்டங்களில் ஐந்து. அதாவது நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் தோஷக்காரர்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூட எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படி எண்ணினால் தப்பிப்பவர்கள்தான் சிறுபான்மை. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்றை அபூர்வமான சாபம்போலச் சொல்ல முடிகிறது. எப்படி? விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்று சோதிடரின் கையில் இருக்கிறது. சம்பந்தம் பிடித்துவிட்டால் விதிவிலக்கு கிடைக்கும்; பிடிக்காவிட்டால் தோஷம் நிற்கும். ஆணின் ஜாதகத்திலும் இதே கட்டங்கள்தாம், இதே செவ்வாய்தான். ஆனால் “பையனுக்குச் செவ்வாய் தோஷம், பாவம், யார் பெண் கொடுப்பார்கள்?” என்று எங்கள் தெருவில் யாரும் அங்கலாய்த்து நான் கேட்டதில்லை.

நட்சத்திரங்களுக்கு வருவோம். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு ஆகாது. விசாகம் கணவனின் தம்பிக்கு ஆகாது. மூலத்துக்கு ஒரு பழமொழியே இருக்கிறது: ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். ஒரே நட்சத்திரம், ஒரே வானம். பிறந்தது ஆணா பெண்ணா என்பதை வைத்துப் பலன் தலைகீழாகிவிடுகிறது. மாமனார், மாமியார், மூத்தார், கொழுந்தன் என்ற இந்த நால்வரையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு மருமகள் புகுந்த வீட்டில் யாருக்கெல்லாம் அடங்கி நடக்க வேண்டுமோ அவர்களின் பட்டியல் அது. வீட்டுக்குள் வரும் புதுப்பெண்ணை அவர்களில் ஒவ்வொருவரும் சந்தேகத்தோடு பார்க்க ஆளுக்கொரு நட்சத்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருமகனின் நட்சத்திரத்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஆபத்து என்று இதேபோல ஊர் முழுக்கப் புழங்கும் சொலவடை ஒன்றையும் நான் கேட்டதில்லை.

பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு என்று ஒன்று. மாங்கல்ய பலத்துக்காகப் பார்ப்பது. நட்சத்திரங்களை உடம்பின் பாகங்களாகப் பிரிக்கிறார்கள். இருவருக்கும் சிரசு ரஜ்ஜு என்றால் கணவனுக்கு ஆபத்து; கழுத்து ரஜ்ஜு என்றால் மனைவிக்கு; வயிற்று ரஜ்ஜு என்றால் பிள்ளைக்கு. ஆகவே ஆராத்யாவின் பயம் சினிமாவுக்காக எழுதிச் சேர்த்தது அல்ல. கல்யாணத்துக்கு முன்பே, கரு உருவாவதற்கும் முன்பே, அது கலையப்போவதற்கான காரணத்தை நம் ஊரில் எழுதி வைத்துவிடுகிறார்கள். உறுதியான கர்ப்பங்களில் பத்துக்கு ஒன்று முதல் இரண்டு வரை தானாகவே கலைகின்றன என்றும், முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம் என்றும் மருத்துவம் சொல்கிறது. அதாவது இது பெரும்பாலும் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ‘யாருடைய குற்றமும் இல்லை’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பெயர் வேண்டும் அவர்களுக்கு.

தோஷம் உண்மையா பொய்யா என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. நம் ஊரில் நூறு ஆண்டுகளாக நடத்துகிறோம். படத்தின் நகைச்சுவையும் அந்தப் பட்டிமன்றத்திலிருந்துதான் வருகிறது: ஒருபக்கம் ஹோமம், மறுபக்கம் லெனின். ஆனால் என் பின்னி மகளிடம் நீங்கள் போய், “செவ்வாய் என்பது ஒரு கோள், இந்தியா அதற்கு மங்கள்யான் அனுப்பிவிட்டது, பயப்படாதே” என்று சொன்னால் அவள் சிரிப்பாள். அது அவளுக்கும் தெரியும். கம்பெனியில் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள பாகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்துச் சரிபார்ப்பவள் அவள். அவள் பயப்படுவது செவ்வாய்க்காக இல்லை. நாளைக்குக் கணவனுக்கு ஒரு விபத்து நேர்ந்தால், குழந்தை தங்காமல் போனால், மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தால், எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வைக்காகப் பயப்படுகிறாள். அந்தப் பயம் மூடநம்பிக்கை இல்லை. சுற்றி நடப்பதைப் பார்த்து அவள் போட்ட சரியான கணக்கு.

இந்தக் கணக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. நம்முடைய பிரபவ, விபவ ஆண்டுகளைப் போலவே ஜப்பானிலும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் ஒன்று தீக்குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனைச் சாகடிப்பாள் என்பது பழைய நம்பிக்கை. 1965இல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சம். தீக்குதிரை ஆண்டான 1966இல் அது சுமார் 13.6 லட்சமாக விழுந்தது. அடுத்த ஆண்டு மறுபடி ஏறிவிட்டது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிவிட்ட நாட்டில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பிறப்பு ஒரே ஆண்டில் குறைந்தது. அந்தப் பெற்றோர் எல்லோரும் குதிரையை நம்பியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. பெண் பிறந்துவிட்டால் இருபது வருடம் கழித்து அவளை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்களே என்று பயந்தாலே போதும். நம்பாதவர்களையும் நம்புகிறவர்களைப் போலவே நடக்கவைக்கும் வலிமை இதற்கு உண்டு.

நீதிமன்றம்வரை இது வந்ததும் படம் வெளியான அதே 2023இல்தான். திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றி வல்லுறவு செய்ததாக ஒருவர்மேல் வழக்கு. அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், அதனால் திருமணம் செய்ய இயலாது என்று அவர் தரப்பில் வாதம். அந்தப் பெண்ணுக்குத் தோஷம் இருக்கிறதா என்று லக்னோ பல்கலைக்கழகத்தின் சோதிடத் துறைத் தலைவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை விதித்தது. தடை வந்தது நல்லது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டது ஓர் ஆண். சோதனைக்கு வந்தது பெண்ணின் ஜாதகம். தோஷம் என்ற சொல் செய்யும் வேலை இதுதான். கேள்வி யாரை நோக்கிப் போக வேண்டுமோ அங்கிருந்து அதைத் திருப்பிப் பெண்ணின் பிறந்த நேரத்துக்கு அனுப்பிவிடுகிறது.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். ‘குஷி’யை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வரும் சிடுசிடுப்பையும் பணக்கவலையையும் காட்ட அது முயல்கிறது. நம் காதல் படங்கள் பெரும்பாலும் தாலியோடு முடிந்துவிடுகிறவை. பயந்துபோன ஆராத்யாவைச் சமந்தா முட்டாளாக்காமல் நடித்திருக்கிறார். ஜெயராமும் ரோகிணியும் நடித்த, மதம் கடந்து வாழும் முதிய தம்பதி படத்துக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கிறார்கள். ஆத்திகரை மட்டும் கேலி செய்யாமல், நாத்திகரின் பிடிவாதத்தையும் கேலி செய்யும் துணிச்சல் படத்துக்கு இருக்கிறது.

அந்தத் துணிச்சல் ஒரு படி முன்னால் போய் நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. சதரங்கத்துக்கும் லெனினுக்கும் இடையே கொள்கையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று. ஆராத்யாவை உட்காரவைத்து, “உனக்கு என்னம்மா பயம்?” என்று கேட்பது இருவருக்கும் முக்கியமாகப் படவில்லை. ஒருவருக்கு அவர் சாஸ்திரம் தோற்கக் கூடாது. இன்னொருவருக்கு அவர் இயக்கத்தின் முன் தலைகுனியக் கூடாது. ஹோமம் செய்வதும் செய்யாமலிருப்பதும் இரண்டு ஆண்களின் கௌரவப் பிரச்சினையாக இருக்கும்போது, ஹோமம் நடக்காததன் விளைவு என்று சொல்லப்படுவது மட்டும் அவள் வயிற்றில் வந்து இறங்குகிறது. அவள் அழுது முடிப்பதற்குள் கதையின் கவனம் மீண்டும் அப்பாக்களிடம் போய்விடுகிறது. முடிவு அவர்கள் இறங்கி வருவதில், சமரசத்தில் வருகிறது. அம்மா கைதட்டினாள். அப்பாக்கள் சேர்ந்துவிட்டால் பெண்ணின் பயம் தானாகத் தீர்ந்துவிடும் என்று படம் நம்புகிறது. நாமும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

பகுத்தறிவு மண் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இதில் கற்க ஒன்று இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, இன்னாரைத் துணையாக ஏற்கிறேன் என்று உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னால் போதும். ‘குஷி’ வெளியான அதே வாரத்தில், 2023 ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் திருமணம் ஊரறிய விளம்பரத்தோடு நடக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு ஆளாகும் காதலர்கள் ஊர்கூட்டித் திருமணம் செய்ய முடியாமல் போகலாம் என்பதை அந்தத் தீர்ப்பு புரிந்துகொண்டது. படத்தின் பட்டிமன்றத்தைவிடக் காதலில் பயம் என்றால் என்னவென்று அந்தத் தீர்ப்புக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று சொல்வேன்.

சட்டம் புரோகிதரை விலக்கியது. பழியை விலக்க அதனால் முடியவில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட வீட்டிலும் கரு கலைந்தால் மருமகளைத்தான் டாக்டரிடம் முதலில் அழைத்துப் போகிறார்கள். “இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று மேடையில் பேசும் அண்ணன், வீட்டில் தங்கைக்கு ஜாதகம் கைமாறும்போது, “அது பொம்பளைங்க விஷயம்” என்று திண்ணைக்குப் போய்விடுகிறார். அவர் நம்பவில்லை, சரி. அவருடைய நம்பிக்கையின்மையால் அந்தத் தங்கைக்கு என்ன லாபம்?

படத்தில் எனக்கு உறுத்திய இன்னொன்று சாதி. ஒரு பிராமணப் பெண், பிராமணர் அல்லாத பையன். நிஜத்தில் இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் வந்து நிற்கும் முதல் சொல் சாதி. படத்தில் அந்த இடத்தில் ஜாதகம் வந்து நிற்கிறது. சாதியைப் பற்றிச் சிரிக்க முடியாது. கட்டங்களைப் பற்றிச் சிரிக்கலாம். சாதிக்கு ஹோமப் பரிகாரம் கிடையாது, தோஷத்துக்கு உண்டு. நகைச்சுவைக்கு வசதியான பயத்தைப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டது. நம் ஊர்களிலும் இப்படித்தான் நடக்கிறது. “சாதி வேற, வேண்டாம்” என்று சொல்லக் கூச்சப்படுகிற வீடுகள், “பொருத்தம் இல்லையாம்” என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. யாருக்கும் மனவருத்தம் இல்லை. நட்சத்திரம் யார்மேலும் வழக்குப் போடாது.

எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சிரித்துக் கடப்பது கஷ்டம். 2018 நவம்பரில், ஓசூருக்குப் பக்கத்துச் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இளம் தம்பதி, சாதி கடந்து மணந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரைப் பக்கம் அருணபதியில், தலித் பெண்ணை மணந்த மகனையும், அவனுக்கு ஆதரவாக நின்ற தன் தாயையும் ஒருவர் வெட்டிக் கொன்றார். அந்தப் பெண் படுகாயத்தோடு பிழைத்தாள். இந்த மரணங்களில் எந்தக் கோளுக்கும் பங்கில்லை. அந்த ஏப்ரலுக்கு ஐந்து மாதம் கழித்து வந்த படத்தில், மதத்தையும் நாட்டெல்லையையும் காஷ்மீரில் வைத்து ஒரு விளையாட்டுப் பொய்யாக்கி, சாதியைச் சத்தமில்லாமல் ஒதுக்கி, ‘கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று சொல்லும்போது, எனக்குச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. இது படத்தின் தவறு மட்டுமில்லை. சிரிக்க முடிகிற பயங்களை மட்டுமே காதல் படமாக எடுக்க அனுமதிக்கிற நம் எல்லோருடைய ஏற்பாடு அது.

அப்படியானால் பயத்தையும் நம்பிக்கையையும் வைத்துக் காதல் நகைச்சுவை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். 1987இல் வந்த ‘மூன்ஸ்ட்ரக்’ என்ற அமெரிக்கப் படத்தைக் கல்லூரிக் காலத்தில் பார்த்தேன். நாயகியாக நடித்த ஷேருக்கும் அவள் அம்மாவாக நடித்த ஒலிம்பியா டூகாக்கிஸுக்கும் ஆஸ்கார் விருது கிடைத்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் இத்தாலியக் குடும்பம். லொரெட்டா கணவனை விபத்தில் இழந்தவள். முறைப்படி சர்ச்சில் செய்யாமல், அப்பா கைப்பிடித்துக் கொடுக்காமல் செய்த கல்யாணம் என்பதால்தான் துரதிருஷ்டம் வந்தது என்று நம்புகிறாள். இரண்டாவது முறை எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கேட்டால் நம் பக்கத்து வீட்டுப் பெண்போல இல்லையா?

வித்தியாசம் போகப்போகத் தெரிகிறது. அந்தப் படத்தில் பயம் ஆண்களிடமும் இருக்கிறது. அதைப் படம் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறது. அவளை மணக்கவிருந்தவன், சாகக் கிடந்த தன் அம்மா பிழைத்துவிட்டதால், தான் கல்யாணம் செய்தால் அம்மா செத்துவிடுவாள் என்று பயந்து பின்வாங்குகிறான். லொரெட்டாவின் அப்பா இந்த வயதில் இன்னொரு பெண்ணைத் தேடிப் போகிறார். ஆண்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று அவள் அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சாவுக்குப் பயந்துதான் என்ற முடிவுக்கு வருகிறாள். பிறகு கணவனிடம் நேருக்கு நேர் அதைச் சொல்லியும்விடுகிறாள். அந்தக் கேள்வியைக் கேட்பவள் ஒரு வயதான மனைவி என்பதுதான் அந்தப் படத்தை எனக்குப் பிடித்த படமாக்கியது. லொரெட்டாவின் பயம் யாராலும் கேலி செய்யப்படாமல், அவள் காதலிக்கத் தொடங்கியதும் பிடி தளர்ந்து விலகுகிறது. அவளுக்காக எந்த அப்பாக்களும் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

‘குஷி’யில் சரண்யா பொன்வண்ணன் இருக்கிறார், விப்லவின் அம்மாவாக. எத்தனை நல்ல நடிகை! நாத்திகத் தலைவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்திய அந்த அம்மாவின் மனதில் என்ன இருந்தது? மகன் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ரகசியமாக யாருக்காவது ஒரு ரூபாய் முடிந்து வைத்தாளா? வைத்திருந்தால், யாருக்குத் தெரியாமல்? இந்தப் படத்தின் மிகச் சிரிப்பான, மிக வலிக்கிற காட்சி அதில் இருந்திருக்கும். அந்த அம்மாவும் ஆராத்யாவும் அடுப்படியில் உட்கார்ந்து தங்கள் பயங்களைப் பேசிக்கொள்ளும் ஒரு படத்தை யாராவது எடுத்தால், என் அம்மாவையும் பின்னி மகளையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்த் தியேட்டரிலேயே பார்ப்பேன்.

பத்து நிமிடம் கழித்து அவள் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். படத்தை ஓடவிட்டுக் கடைசிவரை பார்த்தோம். அம்மா மாடு கட்டப் போன பிறகு சொன்னாள். கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருவனைப் பிடித்திருக்கிறதாம். முளபாகல் பக்கத்துப் பையன். அவனுக்கு அவள் ஜாதகக் கதை தெரியும். “எனக்கு இதுல நம்பிக்கை இல்ல” என்று சொல்லிவிட்டானாம்.

“அப்புறம் என்னடி?” என்றேன்.

“அவனுக்கு நம்பிக்கை இல்ல அக்கா, சரி. ஆனா எனக்கு இந்த ஆராத்யாவுக்கு ஆன மாதிரி ஆச்சுன்னா, அவங்க அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா, அப்ப இவன் எங்க நிப்பான்? அதைத்தான் நான் கேக்கல. கேக்கப் பயமா இருக்கு.”

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம் கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். தோஷம் உண்டா இல்லையா என்பது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. உண்டு என்று நாளைக்கு ஊர் சொன்னால், பழியில் பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறானா என்பதுதான் பிரச்சினை. நாம் பார்க்க வேண்டிய பொருத்தம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம் என்று ஆரம்பித்து ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பதினொன்றாவதைப் பார்க்க எந்தச் சோதிடராலும் முடியாது. எந்தப் பகுத்தறிவுப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே, சம்பந்தப்பட்டவனிடமே.

“கேளு” என்றேன்.

மறுநாள் விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனாள். புதன்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து கூப்பிட்டாள். கேட்டுவிட்டாளாம். அவன் உடனே பதில் சொல்லவில்லையாம். “எங்க அம்மாகிட்ட நான் இதுவரைக்கும் எதிர்த்துப் பேசினதே இல்ல, யோசிச்சுதான் சொல்லணும்” என்றானாம்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவளுக்கு இல்லை. “பொய் சொல்லல பாரு அக்கா” என்றாள். “யோசிக்கட்டும். இவ்வளவு நாளா நான் ஒருத்தி மட்டும்தானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”